கால்பந்துக் கழகங்களின் செலவு வரம்பும் புள்ளிக் குறைப்புத் தண்டனையும்

தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஒன்று எவ்வளவு நட்டம் அடையலாம் என்பதற்கு எல்லை வகுத்து, அதை மீறும் கழகத்துக்கு அபராதம், போட்டித் தடை, புள்ளிக் குறைப்பு போன்ற தண்டனைகளை வழங்கும் விதிகள் பொதுவாக நிதி நேர்மை விதிகள் எனப்படுகின்றன. 2023–24 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடரில் எவர்ட்டன், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆகிய இரு கழகங்கள் இவ்விதிகளின் கீழ் புள்ளிகளை இழந்தன. களத்தில் வென்ற புள்ளிகளைக் கணக்கேட்டைக் காட்டிப் பறிக்கலாமா, பறித்தால் அந்தத் தண்டனை உரியவர்களைச் சென்று சேர்கிறதா என்ற விவாதம் அப்போது வலுப்பெற்றது.

விதிகள் தோன்றிய பின்னணி

கால்பந்தில் வெற்றிக்கும் செலவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நல்ல வீரர்களுக்கு அதிக ஊதியம் தரவேண்டும். அதைத் தருவதற்குக் கடன் வாங்கும் கழகங்கள் பல. 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்ற லீட்ஸ் யுனைடெட், வருங்கால வெற்றியை நம்பி வாங்கிய கடனால் 2004இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2007இல் மூன்றாம் நிலைக்கே சென்றது. 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத், 2010 பிப்ரவரியில் கடனைத் தீர்க்க முடியாமல் நிர்வாகப் பொறுப்பாளர்களின் கைக்கு மாறியது. பிரீமியர் லீக் அதற்கு 9 புள்ளிகளைக் குறைத்தது. 2013இல் அக்கழகம் நான்காம் நிலைக்குத் தள்ளப்பட்டது. 1885இல் தொடங்கப்பட்டு, எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்ற பரி கழகம், நிதி நெருக்கடியால் 2019 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்பந்து லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

இத்தகைய வீழ்ச்சிகளில் முதலாளி விலகிவிடலாம். வீரர் வேறு அணிக்குப் போகலாம். அந்த ஊரின் ரசிகருக்கும் கழகத்தின் கடைநிலை ஊழியருக்கும் அந்த வழி இல்லை. அவர்களைக் காப்பதே செலவு வரம்பின் முதல் நியாயம். மிஷெல் பிளாட்டினி தலைவராக இருந்தபோது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபா இத்தகைய விதிகளை வகுத்தது. 2013இல் பிரீமியர் லீக் தனக்கென விதிகளை ஏற்றுக்கொண்டது.

வரம்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது

2013இல் ஏற்கப்பட்ட பிரீமியர் லீக் விதிப்படி, ஒரு கழகம் மூன்று பருவங்களில் மொத்தம் 10.5 கோடி பவுண்டு வரை, அதாவது பருவத்துக்குச் சராசரியாக 3.5 கோடி பவுண்டு வரை, நட்டம் காட்டலாம். அதிலும் 1.5 கோடிக்கு மேற்பட்ட பகுதியை உரிமையாளர் தம் முதலீட்டால் ஈடுகட்ட வேண்டும். இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் ஒரு பருவத்துக்கான எல்லை 1.3 கோடி பவுண்டு மட்டுமே. இளையோர் பயிற்சிக்கூடம், பெண்கள் அணி, சமூகப் பணிகள், அரங்கக் கட்டமைப்பு ஆகியவற்றுக்கான செலவுகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

வீரர் வாங்கல்–விற்றல் கணக்கைப் புரிந்துகொள்வது இங்கே முக்கியம். ஒரு வீரரை 10 கோடி பவுண்டுக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தால், அத்தொகை ஆண்டுக்கு 2 கோடி வீதம் ஐந்தாண்டுகளில் பிரித்துச் செலவாக எழுதப்படும். விற்கும் வீரரால் வரும் இலாபமோ, விற்ற ஆண்டிலேயே முழுமையாக வரவு வைக்கப்படும். சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலை என ஒன்றும் இல்லாததால், அவரை 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் இலாபமாகும். இந்த எளிய கணக்கே பின்னர் பல சிக்கல்களுக்கு வித்திட்டது.

எவர்ட்டன் வழக்கு

லிவர்பூல் நகரைச் சேர்ந்த எவர்ட்டன், 2021–22 பருவத்தோடு முடிந்த கணக்குக் காலத்தில் 12.45 கோடி பவுண்டு நட்டம் அடைந்ததாகச் சுயேச்சை ஆணையம் கண்டறிந்தது. இது வரம்பைவிட 1.95 கோடி அதிகம். 2023 நவம்பர் 17 அன்று அக்கழகத்துக்கு 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. அடுத்து நடந்த உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் இளஞ்சிவப்பு அட்டைகளை உயர்த்திப் பிடித்து பிரீமியர் லீக் நிர்வாகத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

அவர்களின் சினத்துக்குக் காரணம் இருந்தது. கடனில் மூழ்கி நிர்வாகப் பொறுப்பாளர்களிடம் போகும் கழகத்துக்கே 9 புள்ளிதான் குறைக்கப்படும். வரம்பைத் தாண்டியும் கடன்காரர்களை ஏமாற்றாத கழகத்துக்கு அதைவிடக் கூடுதல் தண்டனையா என்று அவர்கள் கேட்டனர். எந்த அளவு மீறலுக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியலும் பிரீமியர் லீக் விதிகளில் இல்லை. லீக் நிர்வாகம் ஒரு வாய்பாட்டை முன்வைத்தது: தொடக்கமாக 6 புள்ளிகள், அதன்மேல் ஒவ்வொரு 50 இலட்சம் பவுண்டு மீறலுக்கும் ஒரு புள்ளி. ஆணையம் அதை ஏற்காமல் தன் மதிப்பீட்டின்படி முடிவு செய்தது.

2024 பிப்ரவரி 26 அன்று மேல்முறையீட்டுக் குழு தண்டனையை 6 புள்ளிகளாகக் குறைத்தது. ஆங்கிலக் கால்பந்து லீக்கின் தண்டனை வழிகாட்டுதல் போன்ற ஒப்பீட்டு அளவுகோல்களை ஆணையம் கருத்தில் கொள்ளாதது தவறு என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. ஏப்ரல் 8 அன்று, 2022–23 வரையிலான அடுத்த கணக்குக் காலத்தில் 1.66 கோடி பவுண்டு வரம்பு மீறியதற்காக மேலும் 2 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மூன்றாண்டுக் கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரே பருவத்தின் நட்டம் இரு வழக்குகளிலும் இடம்பெற்றது. ஒரே செயலுக்கு இருமுறை தண்டிப்பதாகாதா என்ற கேள்வியை இரண்டாம் ஆணையமும் கருத்தில் கொண்டே தண்டனையைக் குறைவாக வைத்தது. களத்தில் 48 புள்ளிகள் ஈட்டிய எவர்ட்டன், 40 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது.

நாட்டிங்காம் ஃபாரஸ்ட் வழக்கு

ஃபாரஸ்ட் 23 ஆண்டுகளுக்குப் பின் 2022இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. மதிப்பிடப்பட்ட மூன்று பருவங்களில் இரண்டு சாம்பியன்ஷிப்பில் கழிந்தவை. எனவே அதன் எல்லை 1.3 + 1.3 + 3.5, அதாவது 6.1 கோடி பவுண்டு மட்டுமே. பிரீமியர் லீக்கில் தொடர்ந்து ஆடும் போட்டியாளர்களுக்கு இருந்த 10.5 கோடி அதற்கு இல்லை. எல்லையை அது 3.45 கோடி பவுண்டு தாண்டியது.

தன் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை, கணக்கு முடியும் ஜூன் 30க்குள் குறைந்த விலைக்கு விற்பதைவிட, காத்திருந்து நல்ல விலைக்கு விற்றதே பொறுப்பான செயல் என்று கழகம் வாதிட்டது. அவர் 2023 செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாம் கழகத்துக்குச் சுமார் 4.75 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டார். அத்தொகை இரண்டு மாதம் முன்னதாக வந்திருந்தால் வரம்பு மீறலே இருந்திருக்காது. எல்லா நாளும் கணக்கு முடியும் நாளாக முடியாது என்பது ஆணையத்தின் நோக்கு. இந்த வாதத்தை அது ஏற்கவில்லை. ஆயினும் கழகம் குற்றத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததால், 6 புள்ளிகளாக இருக்கவேண்டிய தண்டனை 4 ஆனது. 2024 மார்ச் 18 அன்று முடிவு வெளியானது, மேல்முறையீடு தள்ளுபடியானது. 32 புள்ளிகளுடன் 17ஆம் இடம் பெற்ற ஃபாரஸ்ட் தரமிறக்கத்திலிருந்து தப்பியது.

தண்டனை யாரைச் சேர்கிறது

நேர்மை பற்றிய விவாதத்தின் மையம் இதுவே. எவர்ட்டனின் முதல் மீறல் 2021–22 பருவத்தோடு முடிந்த காலத்தைச் சேர்ந்தது. அப்பருவத்தில் எவர்ட்டன் 39 புள்ளிகள் பெற்றுத் தப்பியது. 35 புள்ளிகள் பெற்ற பர்ன்லி 18ஆம் இடத்தோடு தரமிறங்கியது. 6 புள்ளிக் குறைப்பு அந்தப் பருவத்திலேயே நடைமுறைக்கு வந்திருந்தால் எவர்ட்டனிடம் 33 புள்ளிகளே இருந்திருக்கும்; பர்ன்லி தப்பியிருக்கும். தண்டனை வந்ததோ 2023–24இல். அப்பருவத்தில் எவர்ட்டன், ஃபாரஸ்ட் ஆகிய இரண்டும் புள்ளிகளை இழந்தும் தப்பின. மீண்டும் மேலே வந்திருந்த பர்ன்லி மறுபடியும் இறங்கியது. விதிமீறலால் இழப்புக்கு உள்ளான கழகத்துக்குத் தண்டனையால் எந்தப் பயனும் கிட்டவில்லை.

இத்தகைய தாமதத்தைக் குறைக்க, கணக்குகளை டிசம்பர் இறுதிக்குள் பெற்று அதே பருவத்தில் முடிவு காணும் நடைமுறையை லீக் கொண்டுவந்தது. அதுவும் முழுத் தீர்வாகாது. பருவத்தின் நடுவில் குறைத்து, மேல்முறையீட்டில் திருப்பித் தந்து, மீண்டும் குறைத்தால், புள்ளிப் பட்டியலை யாரும் நம்ப முடியாத நிலை ஏற்படும்.

அப்படியானால் அபராதம் போதாதா என்ற கேள்வி எழலாம். 2007இல் வீரர் உரிமை தொடர்பான விதியை மீறிய வெஸ்ட் ஹாம் கழகத்துக்கு 55 இலட்சம் பவுண்டு அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டது. அக்கழகம் பிழைத்தது; ஷெஃபீல்டு யுனைடெட் தரமிறங்கி, இழப்பீடு கேட்டுப் போராடி, 2009இல் உடன்பாட்டுக்கு வந்தது. 2014இல் மான்செஸ்டர் சிட்டி, பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் ஆகியவற்றுக்கு யூஃபா தலா 6 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதில் 4 கோடி, நிபந்தனைகளை நிறைவேற்றினால் விலக்களிக்கப்படக் கூடியது. மிகுந்த செல்வமுள்ள உரிமையாளருக்கு அபராதம் என்பது செலவுப் பட்டியலில் இன்னொரு வரி. புள்ளிக் குறைப்பு மட்டுமே எல்லாக் கழகத்துக்கும் ஒரே அளவில் வலிக்கும். ஆனால் அந்த வலியை முதலில் உணர்பவர், செலவு முடிவில் எந்தப் பங்கும் இல்லாத ரசிகர்.

எல்லோருக்கும் ஒரே விதியா

10.5 கோடி என்ற எண் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அது நட்டத்துக்கான எல்லை. செலவுக்கான எல்லை அன்று. பெரிய அரங்கும் உலகெங்கும் ரசிகர்களும் உள்ள கழகம் வருவாயிலிருந்தே பெருந்தொகை செலவிடலாம். வருவாய் குறைந்த கழகம் மேலே வர முயன்றால், பணம் தர முதலாளி தயாராக இருந்தாலும் விதி தடுக்கும். 2021இல் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் வாங்கிய நியூகாசில் யுனைடெட், 2024 ஜூன் இறுதியில் எலியட் ஆண்டர்சன், யான்குபா மின்டே என்ற இரு இளம் வீரர்களை விற்று வரம்புக்குள் நிற்க வேண்டியிருந்தது. ஆண்டர்சன் அக்கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர். உள்ளூர் இளைஞர்களை வளர்ப்பதற்கான செலவுக்குச் சலுகை தரும் விதியே, அவர்களை விற்பதற்கும் தூண்டுகோலாக அமைந்துவிட்டது.

கணக்கியல் வல்லுநர்களை வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு வேறு வழிகளும் இருந்தன. செல்சி கழகம் வீரர்களுக்கு எட்டாண்டுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களை வழங்கி ஆண்டுச் செலவைச் சுருக்கியது. யூஃபாவும் பின்னர் பிரீமியர் லீக்கும் இவ்வாறு பிரித்து எழுதும் காலத்தை ஐந்தாண்டாக மட்டுப்படுத்தின. தன் அரங்கை ஒட்டிய இரு தங்கும் விடுதிகளைச் சகோதர நிறுவனத்துக்கு 7.65 கோடி பவுண்டுக்கும், பின்னர் பெண்கள் அணியைத் தாய் நிறுவனத்துக்கும் செல்சி விற்றது. பிரீமியர் லீக் விதிகள் இத்தகைய விற்பனையைத் தடுக்கவில்லை. யூஃபா விதிகள் அதை வருவாயாக ஏற்கவில்லை. 2025 ஜூலையில் யூஃபா அக்கழகத்துக்கு 3.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

மான்செஸ்டர் சிட்டி மீது நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் 2023 பிப்ரவரியில் சுமத்தப்பட்டன. கழகம் அவற்றை மறுக்கிறது. விசாரணை 2024 செப்டம்பரில்தான் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் கழித்துக் குற்றம் சாட்டப்பட்ட எவர்ட்டனுக்கு எட்டு மாதத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. இந்த வேறுபாட்டை வைத்தே பாரபட்சம் என முடிவுகட்ட இயலாது. எவர்ட்டன் வழக்கில் கழகமே அளித்த கணக்கு சான்றாக இருந்தது. சிட்டி வழக்கில் பல ஆண்டுகளின் கணக்குகள் உண்மையானவையா என்பதே கேள்வி. ஆயினும் உண்மையான கணக்கைக் கொடுப்பவர் விரைவாகத் தண்டனை பெறுவதும், சிக்கலான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதும் விதியின் மீதான நம்பிக்கையைக் குலைக்கின்றன.

வேறு வழிகள்

ஸ்பெயினின் லா லீகா தண்டிப்பதைவிடத் தடுப்பதை நாடுகிறது. ஒவ்வொரு கழகத்துக்கும் ஊதிய எல்லை முன்கூட்டியே வகுக்கப்படுகிறது. அதைத் தாண்டினால் வீரரைப் பதிவு செய்ய முடியாது. 2021 ஆகஸ்டில் லயனல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டு வெளியேறியது இவ்விதியால்தான். அங்கும் இழப்பு ரசிகருக்கு உண்டு. ஆனால் ஆடி முடித்த ஆட்டத்தின் பலன் பின்னாளில் மாறுவதில்லை.

யூஃபா 2022இல் தன் விதிகளை மாற்றி, வீரர்–பயிற்சியாளர் ஊதியம், வீரர் வாங்கும் செலவு, முகவர் கட்டணம் ஆகியவற்றைக் கழக வருவாயில் ஒரு விகிதத்துக்குள் அடக்கியது. இது படிப்படியாக 70 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பிரீமியர் லீக் கழகங்களும் 2026–27 முதல் 85 விழுக்காடு என்ற விகிதத்துக்கு மாற 2025 நவம்பரில் வாக்களித்தன. மிகக் குறைந்த வருவாயுள்ள கழகத்தை அளவுகோலாக வைத்து எல்லோருக்கும் பொது உச்சவரம்பு விதிக்கும் முன்மொழிவு அப்போது தோற்றது. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, கழகங்களின் நிதி நிலையைக் கண்காணிக்கச் சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்புக்கு வழி பிறந்தது.

கழகம் திவாலாகாமல் காப்பதும், போட்டியைச் சமமாக வைப்பதும் இருவேறு நோக்கங்கள். முதலாவதற்காக உருவான விதியைக் கொண்டு இரண்டாவதையும் சாதிக்க முயன்றதே பல சிக்கல்களின் வேர். விகித முறை முதல் நோக்கத்துக்கு ஓரளவு பொருந்தும். வருவாய் மிகுந்தவர் மேலும் செலவிடலாம் என்பதால் இரண்டாவதற்கு அது உதவாது. செலவு நடப்பதற்கு முன்பே தடுப்பது, மீறலுக்குரிய தண்டனை அளவை முன்னரே அறிவிப்பது, தவறான முடிவெடுத்த உரிமையாளரும் இயக்குநரும் சொந்த முறையில் பொறுப்பேற்கச் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான், பிறர் செய்த செலவுக்கு ரசிகர் விலை கொடுக்கும் நிலை குறையும்.