ஹார்மோன் சிகிச்சையும் எதிர்பாரா உதிரப்போக்கும்

மாதவிடாய் முற்றிலும் ஓய்ந்து ஓராண்டு கழிந்த பின்னர் ஒரு பெண்மணி மீண்டும் உதிரம் காண்பாராயின், அது துளியளவே ஆயினும், தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும் என்பது வைத்திய நூலார் யாவரும் ஒருமுகமாகக் கூறும் விதியாம். கருப்பையின் உட்படலத்திற் புற்றுநோய் கொண்ட பெண்டிருள் 100-க்கு ஏறத்தாழ 90 பேரிடம் இவ்வுதிரம் அடையாளமாகத் தோன்றுகின்றது. ஆதலின் அவ்விதி கடுமையாக அமைந்ததில் வியப்பில்லை. ஆயினும் அதற்கு ஒரு புறனடை உண்டு. மாதவிடாய் ஓய்வினால் நேரும் வெப்பக்கொதிப்பு, இரவு வியர்வை, உறக்கமின்மை முதலிய துன்பங்களுக்காக ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய பெண்டிர் பலர், முதற் சில மாதங்களில் எதிர்பாராது உதிரம் காண்கின்றனர். அவருட் பெரும்பாலார்க்கு அது நோயின் குறியன்று. விதியையும் புறனடையையும் பிரித்தறிய மாட்டாமையால் விளையும் கேடு சிறிதன்று என்பது பற்றியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

கல்லூரி மலரில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவாரும் இருக்கக்கூடும். மாதவிடாய் ஓயும் வயது ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களிற் சராசரியாக 51. நம் நாட்டிலோ 46 அல்லது 47. இம்மலரைப் படிக்கும் மாணாக்கர், மாணாக்கியர் பலருடைய அன்னையர் இப்பொழுது அவ்வயதினராகவே இருப்பர். ஆகவே இது நாணி விடுத்தற்குரிய பொருளன்று என்பதே எம் கருத்து.

கருப்பையின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய படலத்தை ஆள்வன இரண்டு ஹார்மோன்கள். ஒன்று ஈஸ்ட்ரோஜன், 1923-இல் ஆலன், டாய்சி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதன் செயலைத் தெளிவுபடுத்தினர். மற்றொன்று புரோஜெஸ்டிரோன், 1929-இல் கார்னர் என்பாரும், வேறோர் ஆலன் என்பாரும் இதன் தொழிலைக் கண்டறிய, 1934-இல் இது தூய வடிவிற் பிரித்தெடுக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் அப்படலத்தைத் தழைத்து வளரச் செய்வது. புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சியை நிறுத்தி, வளர்ந்ததனைப் பக்குவப்படுத்தித் தாங்கி நிற்பது. தாங்கி நின்ற ஹார்மோன் விலகுமாயின் படலம் உதிர்ந்து குருதியுடன் வெளிப்படும். இதுவே மாதவிடாய்.

இதனை ஒருவர் தம் கண்ணாலேயே கண்டார் என்பது வியப்புக்குரிய செய்தி. மார்க்கி என்னும் அமெரிக்க அறிஞர், குரங்குகளின் கருப்பைப் படலத்தினின்று சிறு துணுக்குகளை எடுத்து, அவற்றின் கண்ணின் முன்னறையிற் பதித்தார். துணுக்குகள் அங்கே வேரூன்றி உயிர் தரித்தன. கண்ணின் முன்னுள்ள தெளிந்த படலம் பலகணிக் கண்ணாடி போல் உதவ, அவற்றின் மாறுதல்களை அவர் நாடோறும் நோக்கி வந்தார். மாதவிடாய்க் காலம் நெருங்குந்தோறும் துணுக்குகள் சுருங்கின. அவற்றினுட் சுருள்வடிவாய் ஓடும் நுண்குழாய்கள் இறுகின. குருதி பெறாத பகுதி நலிந்தது. குழாய்கள் மீண்டும் தளர்ந்தவிடத்துக் குருதி கசிந்தது. இவ்வாராய்ச்சி 1940-இல் வெளியாயிற்று. உதிரப்போக்கு என்பது கருப்பை ஏதோ நஞ்சினைக் கழிப்பதன்று, நுண்குழாய்களின் நிலைமாற்றமே என்பது இதனாற் புலனாயிற்று. நம் வீடுகளில் இன்றும் ‘கெட்ட ரத்தம்’ என வழங்கும் சொல்லுக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

இனிச் சிகிச்சையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சூல்கொண்ட பெண்குதிரைகளின் சிறுநீரினின்று எடுத்த ஈஸ்ட்ரோஜன், பிரிமாரின் என்னும் பெயருடன் 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நெடுங்காலம் பெண்டிர் பலர் ஈஸ்ட்ரோஜனை மட்டுமே உண்டு வந்தனர். 1975-இல் அந்நாட்டு மருத்துவ இதழொன்றில் ஒருங்கு வெளியான இரண்டு ஆராய்ச்சிகள், அங்ஙனம் உண்டாருக்குக் கருப்பைப் படலப் புற்றுநோய் பல மடங்கு மிகுதி என்று காட்டின. வளர்ப்பதனை மட்டும் கொடுத்துத் தாங்குவதனைக் கொடாது விட்டதன் பயன் அது. பின்னர், பெபி என வழங்கும் ஆராய்ச்சியிற் கருப்பையுடைய 596 பெண்டிர் 3 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றவருள் 100-க்கு 34 பேர்க்குப் படலம் அஞ்சத்தக்க முறையில் மிகைத்து வளர்ந்திருந்தது. மருந்தில்லா வெறும் மாத்திரை பெற்றவருள் 100-க்கு ஒருவர்க்கே அந்நிலை. புரோஜெஸ்டிரோன் இனத்து மருந்தினையும் உடன் பெற்றவர், வெறும் மாத்திரை பெற்றவரோடு ஏறத்தாழ ஒத்திருந்தனர். ஆதலின் கருப்பையுடைய பெண்டிர்க்கு இரண்டினையும் சேர்த்துக் கொடுத்தலே இந்நாளைய முறை. (இச்சிகிச்சை யாருக்குத் தகும், மார்பகத்திற்கும் இருதயத்திற்கும் அதனால் வரும் நன்மை தீமைகள் எவை என்பது 2002 முதல் மிகுதியும் விவாதிக்கப்பட்ட வேறொரு பெரும்பொருள், அதனுள் யாம் புகவில்லை.)

இரண்டினையும் சேர்த்துக் கொடுப்பதிலும் இரு வகை உண்டு. ஒருவகையில் ஈஸ்ட்ரோஜனை நாடோறும் கொடுத்து, மற்றையதனைத் திங்களில் 10 முதல் 14 நாள் வரையில் மட்டும் கொடுப்பர். அந்நாட்கள் முடிவுறும் பொழுது மாதவிடாய் போன்ற உதிரம் தோன்றும், அஃது எதிர்பார்த்ததே. மற்றொரு வகையில் இரண்டும் இடையறாது நாடோறும் கொடுக்கப்படும். இதன் நோக்கம் உதிரமே வாராதிருத்தல். ஆனால் இம்முறையிலேதான் தொடக்கத்திற் பலர், ஒருநாள் கறையாகவும் மற்றொருநாள் சிறு போக்காகவும், ஒழுங்கின்றி உதிரம் காண்கின்றனர். 100-க்கு 40 பேர் வரையில் இதனைக் காண்பதாகக் கூறுவர்.

காரணம் யாது? இங்கேதான் பொது அறிவு ஏமாறுகின்றது. உதிரம் மிகுந்தால் படலம் தடித்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. இடையறாச் சிகிச்சையிலோ படலம் மெலிந்து போகின்றது. மெலிந்த அப்படலத்தின் நுண்குழாய்கள் விரிந்தும் சுவர் வலியற்றும் இருப்பதால் எளிதில் உடைந்து கசிகின்றன. மாதங்கள் செல்லச் செல்லப் படலம் அடங்கி நிலைபெறுகின்றது. கசிவும் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களுக்குள் நின்றுவிடுகின்றது. மாதவிடாய் ஓய்ந்து ஓராண்டு ஆகாதவர்க்கு இடையறா முறையை மருத்துவர் பொதுவாகத் தொடங்காமைக்கும் காரணம் இஃதே: சொந்தச் சூலகங்கள் இன்னும் அவ்வப்பொழுது ஹார்மோன் சுரக்குமாயின், கசிவு ஒழுங்குக்குள் வாராது.

இவ்வளவும் அறியாத பெண்மணி என்ன செய்கின்றார்? சிலர் அஞ்சி இரண்டு மருந்தினையும் ஒருங்கே விடுகின்றனர். பழைய துன்பங்கள் மீள்கின்றன. அதனினும் கொடியது ஒன்றுண்டு. தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் களிம்பாகவோ ஈஸ்ட்ரோஜன் கொள்பவர், புரோஜெஸ்டிரோனைத் தனி மாத்திரையாக விழுங்குவர். ‘இந்த மாத்திரையை விழுங்கத் தொடங்கிய பின்னரன்றோ ரத்தம் வந்தது’ என்று தாமே முடிவு செய்து அம்மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுப் பட்டையைத் தொடர்வாராயின், 1975-க்கு முன்னிருந்த நிலையைத் தம் உடலிலேயே மீண்டும் உண்டாக்கிக் கொள்கின்றார். அக்கம்பக்கத்தார் கூறும் யோசனையால் இவ்வாறு செய்தல் எளிது. காவலாக நிற்கும் மருந்தினையே குற்றவாளியென்று எண்ணுதல் இது.

மருந்தினை இடையிடையே மறத்தலும் கசிவுக்குக் காரணமாகலாம். வலிப்பு நோய்க்குரிய மருந்துகள் சில, ஹார்மோனின் வலியைக் குறைத்துவிடும். கருப்பையிலோ அதன் கழுத்திலோ தோன்றும் சிறு சதைவளர்ச்சியும் காரணமாகலாம். ஆகவே முதன்மாதங்களில் வந்ததாயினும் மருத்துவரிடம் உரைத்தல் முறை. அவர் அளவினை மாற்றலாம். மருந்தின் வகையை மாற்றலாம். ஹார்மோன் கசியவிடும் சிறு கருவியைக் கருப்பையுட் பொருத்தலாம். அக்கருவியும் முதற் சில மாதங்கள் கறை காட்டிப் பின்னரே அடங்கும்.

பொறுத்திருத்தலுக்கும் எல்லை உண்டு. தொடங்கி 6 மாதம் கடந்தும், அல்லது மருந்தினை மாற்றி 3 மாதம் கடந்தும் நில்லாத உதிரம், நின்று பன்னாள் கழித்து மீண்டும் தோன்றிய உதிரம், மிகுதியாய்ப் பெருகும் உதிரம் ஆகியவை ஆராயத் தக்கவை. மிகுந்த உடற்பருமன் உடையார்க்கும், குடும்பவழியாய் வரும் சில புற்றுநோய்களுக்கு ஆளானார்க்கும் முதன்மாதத்திலேயே ஆராய்தல் வேண்டும். சிகிச்சை தொடங்குமுன்னரே காரணம் தெரியாத உதிரம் இருந்திருப்பின், அதனை ஆராயாது சிகிச்சை தொடங்குதலே தவறு. ஆராயும் முறை பெரிதும் அச்சந்தருவதன்று: ஸ்கேன் கருவியாற் படலத்தின் தடிப்பினை அளப்பர். பிரிட்டனில் 2024-இல் வெளியான நெறிமுறைப்படி, இடையறா முறையினர்க்கு 4 மில்லிமீட்டரும், முறைவைத்து உதிரம் வரும் வகையினர்க்கு 7 மில்லிமீட்டரும் எல்லை. அதற்கு மேற்படின் படலத்திற் சிறு துணுக்கினை எடுத்து மைக்ராஸ்கோப்பிற் காண்பர்.

மருத்துவர் முதலிற் கேட்பது நாட்கணக்கே. எந்நாளில் மருந்து தொடங்கிற்று, எந்நாட்களில் உதிரம் தோன்றிற்று, எத்துணை, எந்நாளில் மாத்திரை தவறிற்று என்பவற்றைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிற் குறித்து வருதல் போதும். பலர் இதனைக் குறிப்பதில்லை. வீட்டினர் கண்ணிற் படுமே என்னும் கூச்சம். ஒரு புள்ளியோ கோடோ இடுதல் யார்க்கும் விளங்காது, தமக்கு விளங்கும்.

கருப்பையை அறுவைசெய்து நீக்கிக்கொண்டவர்க்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். அவர்க்குக் கருப்பைப் படலத்தினின்று உதிரம் வருதற்கும் இடமில்லை. ஆனால் கருப்பையின் கழுத்தினை விட்டுவைத்து மேற்பகுதியை மட்டும் நீக்கும் அறுவையும் உண்டு. அக்கழுத்தின் மேற்புறத்திற் படலம் சிறிது எஞ்சியிருப்பின் அது ஈஸ்ட்ரோஜனால் வளரும், உதிரமும் காட்டும்; அத்தகையார்க்கு இரண்டாவது மருந்தும் வேண்டியிருக்கலாம். தமக்கு நீக்கப்பட்டது முழுமையா, பகுதியா என்பது நம் பெண்டிர் பலர்க்குத் தெரியாது. மருத்துவமனையினின்று வெளிவரும் பொழுது கொடுத்த சீட்டில் அது எழுதப்பட்டிருக்கும். அச்சீட்டினைப் பெட்டியிற் பத்திரமாக வைத்துச் சிகிச்சை தொடங்கும் நாளில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.