கம்பி போனால் காவலும் போகுமா?

கணினிகளைக் கம்பியால் இணைப்பதற்கும் கம்பியில்லாமல் இணைப்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், “கம்பி இல்லை, அவ்வளவுதான்” என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கம்பி தகவலைச் சுமந்து சென்றதோடு வேறு மூன்று வேலைகளையும் செய்துவந்தது. இரண்டு கணினிகளின் தகவல்கள் மோதிக்கொண்டால் உடனே காட்டிக்கொடுத்தது. கணினி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை உறுதிசெய்தது. யார் ஒட்டுக்கேட்கலாம் என்பதற்கு எல்லை வகுத்தது. கம்பியை எடுத்துவிட்டால் இம்மூன்றையும் வேறு வழிகளில் ஈடுசெய்தாக வேண்டும். முதல் இரண்டும் பொறியாளர்களின் பொறுப்பு. மூன்றாவதில் பயனீட்டாளருக்கும் பங்கு உண்டு.

வானொலியில் பிறந்த விதி

கம்பி முறை முந்தியது, கம்பியில்லா முறை பிந்தியது என்று எண்ணுவதும் முழு உண்மையன்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் அப்ராம்சன் தலைமையிலான குழு 1971ஆம் ஆண்டில் ‘அலோஹாநெட்’ என்ற கட்டமைப்பை இயக்கத் தொடங்கியது. தீவுகளில் இருந்தவர்கள் வானொலி அலைகள் மூலம் ஓவாஹு தீவின் மையக் கணினியைப் பயன்படுத்துவதற்காக அது உருவானது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் சிதைந்துவிடும். தகவல் கிடைத்ததற்கான பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்பதே அங்கு விதி. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ஒவ்வொரு கருவியும் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுபோல் தீர்மானிக்கும். இல்லாவிட்டால் இரண்டும் மறுபடியும் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளும்.

இந்த எண்ணத்தைச் செப்பனிட்டு, 1973ஆம் ஆண்டில் ஸிராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் கம்பிக்குள் கொண்டுவந்தார். அதுவே ‘ஈதர்நெட்’. கம்பியில் ஒரு வசதி இருந்தது. கணினி அனுப்பும்போதே கம்பியைக் கவனித்து, மோதல் நேர்ந்தால் அக்கணமே நிறுத்திவிடலாம். இன்றைய ‘சுவிட்ச்’ கருவிகள் ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை தருவதால், அங்கே மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கம்பியில்லாக் கருவிக்கு அந்த வசதி கிடையாது. தவில் வாசிப்பவரின் காதில் எட்டி நிற்பவரின் முணுமுணுப்பு விழாததைப்போல, அதன் சொந்த அலையே மற்ற அலைகளை அமுக்கிவிடுகிறது. ஆகவே ‘வைஃபை’ கருவி முதலில் கேட்டுப் பார்க்கிறது, சற்றுப் பொறுக்கிறது, பிறகே அனுப்புகிறது. அனுப்பிய தகவல் சேர்ந்ததா என்பதற்குப் பதிலையும் எதிர்பார்க்கிறது. இந்தக் காத்திருப்பில் நேரம் செலவாகிறது.

அடுக்குமாடி வீடுகளில் இது நன்றாகவே தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று கலக்காமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று தடங்கள் மட்டுமே. மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாம் அவற்றையே பகிர்ந்துகொள்கின்றன. புதிய வீவக வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ என்று சொல்லப்படும் புகலறையின் கனத்த காங்கிரீட் சுவரும் அலைகளைத் தடுக்கிறது. வாசல்வரை ஒரு கிகாபிட் வேகத்தில் வரும் இணையம் படுக்கையறையில் தள்ளாடுவதற்கு இவையும் காரணங்கள்.

ஆளும் முகவரியும்

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எண்களாலான ஒரு முகவரி உண்டு. அது கருவியை அடையாளம் காட்டுவதோடு, எந்தக் கட்டமைப்பில் அது இருக்கிறது என்பதையும் சொல்கிறது. மேசையை விட்டு நகராத கணினிக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் கைத்தொலைபேசி வீட்டு ‘வைஃபை’யிலிருந்து தெருவின் கைத்தொலைபேசிக் கட்டமைப்புக்கு மாறும்போது முகவரியும் மாறிவிடுகிறது. பழைய முகவரிக்கு வந்துகொண்டிருந்த உரையாடல் அறுந்துபோகிறது.

வீடு மாறியவரின் கடிதங்களை அஞ்சல் நிலையம் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்புவதைப்போன்ற ஒரு முறை 1996ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட ‘குவிக்’ முறையோ ஒவ்வோர் இணைப்புக்கும் தனி அடையாள எண் தருகிறது. முகவரி மாறினாலும் அந்த எண்ணைக் கொண்டு உரையாடலைத் தொடர முடியும்.

யார் கேட்கிறார்கள்?

அலுவலகக் கம்பியில் ஒட்டுக்கேட்க விரும்புபவர் முதலில் அலுவலகத்துக்குள் நுழைய வேண்டும். ‘வைஃபை’ அலை சுவரைத் தாண்டித் தாழ்வாரத்துக்கும் போய்விடும். இதை உணர்ந்தே, 1997ஆம் ஆண்டின் முதல் ‘வைஃபை’ தரத்தில் ‘வெப்’ என்ற மறையாக்க முறை சேர்க்கப்பட்டது. கம்பிக்கு நிகரான அந்தரங்கம் என்பதே அப்பெயரின் பொருள். ஆனால் 2001ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் அதை உடைக்கும் வழியை வெளியிட்டனர். 2004ஆம் ஆண்டில் ‘டபிள்யூபிஏ 2’ முறையும், 2018ஆம் ஆண்டில் ‘டபிள்யூபிஏ 3’ முறையும் வந்தன.

பொது இடங்களில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் ‘ஒயர்லெஸ் அட் எஸ்ஜி’ இலவசச் சேவை 2006ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியபோது அதன் வேகம் 512 கிலோபிட். மறையாக்கம் கொண்ட தனி இணைப்பு அதில் பின்னர் சேர்க்கப்பட்டது. ஆனால் எல்லா இடங்களிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. காப்பிக்கடைச் சுவரில் எழுதி ஒட்டிய மறைச்சொல் அங்கு வரும் எல்லாருக்கும் தெரிந்த மறைச்சொல்லே.

இன்று வங்கித் தளங்களும் பெரும்பாலான மற்றத் தளங்களும் தகவலைத் தாமே மறையாக்கம் செய்து அனுப்புகின்றன. பக்கத்து மேசைக்காரர் அலையைப் பிடித்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆகவே மோசடிக்காரர் வேறு வழி தேடுகிறார். கடையின் பெயரிலேயே ஒரு போலி இணைப்பை அவர் உருவாக்கலாம். பெயரை மட்டும் பார்க்கும் கைத்தொலைபேசி, பழகிய இடமென்று நம்பித் தானாகவே அதில் சேர்ந்துவிடக்கூடும். பிறகு ஒரு போலிப் பக்கம் தோன்றி மறைச்சொல்லைக் கேட்கும்.

பயனீட்டாளரின் பங்கு இங்கேதான் வருகிறது. வீட்டு ‘ரவுட்டர்’ கருவியுடன் வந்த மறைச்சொல்லை மாற்றி, ‘டபிள்யூபிஏ 2’ அல்லது ‘டபிள்யூபிஏ 3’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பொது இணைப்புகளில் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவைக்கலாம். “இந்தத் தளம் பாதுகாப்பானதன்று” என்ற எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிச் செல்லக்கூடாது. வெளியில் இருக்கும்போது வங்கிப் பணிகளுக்குக் கைத்தொலைபேசியின் சொந்த இணையச் சேவையைப் பயன்படுத்துவதே நல்லது.