பல்லை எடுக்க வேண்டிய வேளை

டில்லிக் குளிரில் பல் வலி கண்டால், வெளியூர்களில் வாழும் நம்மவர் பலரும் முதலில் குளிரின்மீதே பழி சுமத்துகிறோம். கிராம்பு வைத்துப் பார்க்கிறோம். உப்பு நீர் கொப்புளிக்கிறோம். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, நம் மொழி அறிந்த மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறோம். அதற்குள் வலியும் நின்றுவிடுகிறது. இதனை எழுதும் நாமும் ஒருமுறை அவ்வாறே மகிழ்ந்திருந்தோம். சில மாதங்கள் சென்று கன்னம் வீங்கிய பிறகே உண்மை விளங்கிற்று.

பல்லைப் போர்த்தியுள்ள எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். எனினும், வாயில் தங்கும் இனிப்பையும் மாவையும் உண்டு வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம் அதனையும் அரித்துவிடுகிறது. அரிப்பு உள்ளே இறங்கி, நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய கூழை எட்டும்போதுதான் உறக்கம் கெடுக்கும் வலி தோன்றுகிறது. அக்கூழ் இறந்துபட்டால் வலி அடங்கும், நோய் அடங்குவதில்லை. வேர் நுனி வழியே தாடை எலும்பினுள் புகுந்து சீழ் கட்டுகிறது.

அப்போதும் பல்லைப் பறித்தே தீர வேண்டும் என்பதில்லை. வேரின் உட்குழாயைத் தூய்மை செய்து அடைக்கும் சிகிச்சையால் பல பற்கள் பிழைத்துவிடுகின்றன. மேலே உறை பொருத்தவும் போதிய பல் எஞ்சாதபோதும், வேர் நெடுக்கே பிளந்துவிட்டபோதும் மருத்துவருக்கு வேறு வழியில்லை. நமது கடைவாய்ப் பல்லில் ஒரு பக்கச் சுவர் மட்டுமே மிஞ்சியிருந்தது. வலித்த நாளிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

சொத்தையே இல்லாத பல்லும் போவதுண்டு. ஈறு நோயால் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆடத் தொடங்கும். புகையிலைப் பழக்கம் உள்ளவர்களையும், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களையும் இந்நோய் மிகுதியாகப் பற்றுகிறது.

ஞானப்பல்லை இந்தியில் ‘அக்கல் தாட்’ என்பர். அதுவும் அறிவுப் பல்லே. மொழிபெயர்ப்பாளருக்கு இத்தனை எளிதாகச் சொல் அமைவது அரிது! 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் இப்பல், இடமின்றிச் சாய்ந்து அடிக்கடி வீங்கினாலோ, அடுத்த பல்லைக் கெடுத்தாலோ எடுப்பர். தொல்லை தராததை எடுக்க வேண்டுவதில்லை.

மேற்பல்லைப் பிடுங்கினால் பார்வை மங்கும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. தெருவோரத்தில் பல் பிடுங்குவோரிடம் செல்வதற்கே அஞ்சவேண்டும். பல் மருத்துவர்கள் பதிவு பெறவேண்டும் என்ற சட்டம் 1948-லேயே வந்துவிட்டது.

மொழி தடையாயின், உட்கொள்ளும் மாத்திரைகளை உறையோடு எடுத்துச் சென்று காட்டுக. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் இதனை மறத்தலாகாது. தாமாக அதை நிறுத்தவும் கூடாது. பல் எடுத்தபின் வைக்கும் பஞ்சுத் துணியை அரை மணி நேரமேனும் கடித்திருத்தல் வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்புளிக்கலாகாது. குழியில் உறையும் இரத்தமே புண்ணுக்கு மூடி.

வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் கடினமானாலோ, ஊருக்குச் செல்லும் இரயிலை எதிர்நோக்க வேண்டாம். அன்றிரவே அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.