பத்து ரூபாய் அகலத்தில் ஒரு ஜன்னல்

என் மேசையில் ஒரு 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. எடை 160 கிராம். கிட்டத்தட்ட மூன்று கோழிமுட்டை கனம். கேமராக் கடையில் தனியாக விற்கும் லென்ஸ்களில் விலை குறைந்த வகை இதுதான். அதை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து லேசாகச் சாய்த்தால் கண்ணாடிக்குள் பல டியூப்லைட்டுகள் தெரிகின்றன. ஒன்று ஊதா, ஒன்று பச்சை, ஒன்று தேன் நிறம். சாய்க்கச் சாய்க்க ஒன்று இந்தப் பக்கம் நகர, இன்னொன்று எதிர்ப்பக்கம் ஓடுகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கண்ணாடி முகமும் தனக்கென்று ஒரு குட்டி விளக்கைக் காட்டுகிறது. இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பது ஒரு பெரிய கதை. அதற்கு முன்னால், லென்ஸின் முகப்பு வளையத்தில் பொறித்திருக்கும் இரண்டு எண்களைப் பார்த்துவிடுவோம்: 50, 1:1.8. பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் ஒருவர் அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால், பதிலின் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் இருக்கிறது.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக வைத்திருப்பீர்கள். புள்ளி மிகச் சிறிதாகி, புகை கிளம்பும் அந்தக் கணத்தில் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் உள்ள இடைவெளிதான் குவியத் தொலைவு. 50 என்ற எண் அதைத்தான் சொல்கிறது. பல கண்ணாடிகள் சேர்ந்த இந்த லென்ஸ், 50 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட ஒற்றைக் கண்ணாடி எவ்வளவு பெரிய பிம்பம் தருமோ அவ்வளவு பெரிய பிம்பம் தரும்.

எவ்வளவு பெரியது? குளத்தங்கரையில் பத்து மீட்டர் தள்ளி ஒரு சிறு நீல மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. அதன் நீளம் 16 செ.மீ. 50 மி.மீ. லென்ஸ் அதைக் கேமராவின் சென்சார் மேல் 0.8 மி.மீ. நீளத்தில் வரையும். ஒரு கசகசா அளவு. 400 மி.மீ. லென்ஸ் அதையே 6.4 மி.மீ. ஆக்கும், ஓர் அரிசி அளவு. பறவைப் படம் எடுப்பவர்கள் நீண்ட குழாய்களைச் சுமந்து திரிவது இந்தக் கசகசாவை அரிசியாக்கத்தான்.

அந்தப் பிம்பம் விழும் இடமோ தபால்தலை அளவுதான். 1925இல் விற்பனைக்கு வந்த லைகா கேமராவுக்காக ஆஸ்கர் பர்னாக் சினிமா ஃபிலிமின் இரண்டு சட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். 36க்கு 24 மி.மீ. என்ற அளவு அப்படிப் பிறந்தது. ‘ஃபுல் ஃபிரேம்’ என்று இன்று விலை கூட்டி விற்பது அதே அளவைத்தான். தொடக்கநிலைக் கேமராக்களில் சென்சார் இன்னும் சிறியது, சுமார் 24க்கு 16 மி.மீ. லென்ஸ் வரையும் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே அதற்குள் அடங்கும். அதனால் 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 மி.மீ. போலக் காட்சியைக் குறுக்கிவிடும். வீட்டில் இது உடனே தெரியும். சோபாவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் ஒன்றரை மீட்டருக்குக் குறைவான அகலம்தான் படத்துக்குள் வரும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பாதி முகம்தான். அதே இடத்தில் 35 மி.மீ. லென்ஸ் இரண்டு மீட்டரையும், 18 மி.மீ. கிட்டத்தட்ட நான்கு மீட்டரையும் அடக்கும்.

‘அகல லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும்’ என்று பலர் சொல்வார்கள். உண்மையில் மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் தூரம். மூக்குத்தியும் தோடும் அணிந்த ஒரு பாட்டியைப் படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் இடையே முன்பின்னாகச் சுமார் 12 செ.மீ. இருக்கும். மூக்குத்தியிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கேமரா இருந்தால், தோடு 42 செ.மீ. தள்ளி இருக்கிறது. மூக்கு, காதைவிட 1.4 மடங்கு பெரிதாக விழும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் இந்த வித்தியாசம் வெறும் 6 சதவீதம். அகல லென்ஸ் நம்மைக் கிட்டே இழுக்கிறது, நீண்ட லென்ஸ் தள்ளி நிற்க வைக்கிறது, அவ்வளவுதான். முகம் எடுப்பவர்கள் 85 மி.மீ.யை விரும்புவதன் ரகசியம், அது அவர்களை மரியாதையான தூரத்தில் நிறுத்துவதுதான்.

இப்போது இரண்டாவது எண். 1:1.8 என்பது அப்பட்டமான ஒரு வகுத்தல். 50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28. லென்ஸின் திறப்பு முழுதாக விரியும்போது அதன் அகலம் 28 மி.மீ.; ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயம். இதை எஃப் 1.8 என்பார்கள். எஃப் எண் குறையக் குறைய இந்தத் திறப்பு, அதாவது ஒளி நுழையும் ஜன்னல், பெரிதாகும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் பெரும்பாலும் 18-55, எஃப் 3.5-5.6 என்று இருக்கும். அது 50 மி.மீ. பக்கம் போகும்போது ஜன்னல் 9 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நாணயத்துக்கும் பொத்தானுக்கும் பரப்பில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். மாலை மங்கலில் ஓடும் குழந்தையை நொடியில் 20இல் ஒரு பங்கு நேரம் திறந்து எடுத்தால் உருவம் இழுபடும். நாணய ஜன்னல் இருந்தால் 200இல் ஒரு பங்கு நேரமே போதும். குழந்தை அந்தரத்தில் நிற்கும்.

ஏன் திறப்பின் அகலத்தை நேராகச் சொல்லாமல் வகுத்துச் சொல்கிறார்கள்? ஒரு கரண்டி மாவைச் சின்னத் தோசையாக ஊற்றினால் தடிமனாக இருக்கும். பெரிதாக இழுத்தால் மெலியும். ஒளியும் அப்படித்தான். 200 மி.மீ. லென்ஸ் பிம்பத்தை 50ஐவிட நான்கு மடங்கு நீள அகலமாக இழுக்கிறது, அதாவது பதினாறு மடங்கு பரப்புக்கு. அதே பிரகாசம் வேண்டுமென்றால் ஜன்னலும் நான்கு மடங்கு அகலமாக வேண்டும். வகுத்துச் சொல்வதால் எஃப் 4 என்றால் எந்த லென்ஸிலும் ஒரே பிரகாசம். 400 மி.மீ., எஃப் 2.8 என்ற லென்ஸை வகுத்துப் பாருங்கள்: 14 செ.மீ. அகலக் கண்ணாடி வேண்டும். அது மூன்று கிலோ அளவில் இருப்பதற்கும், விலை பல லட்சத்தில் இருப்பதற்கும் இந்த ஒரு வகுத்தல்தான் காரணம்.

ஜன்னலைப் பெரிதாக்குவது சுலபம் போலத் தோன்றும். ஆனால் கண்ணாடியின் ஓரம் வழியே வரும் கதிர்கள் நடுவே வருபவற்றைவிட அதிகமாக வளைந்து, வேறு இடத்தில் குவியும். இது கோளப் பிறழ்ச்சி. நீலம் சிவப்பைவிட அதிகம் வளையும். அது நிறப் பிறழ்ச்சி. திறப்பு விரிய விரிய இவை தலைவிரித்தாடும். இவற்றை அடக்க மனிதர்கள் போட்ட கணக்கு மலைக்க வைப்பது. 1840இல் வியன்னாவில் யோசெப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், முகம் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸை வடிவமைத்தார். ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு முகத்தில் எவ்வளவு வளைகிறது என்று கணக்கிட, ஆஸ்திரிய பீரங்கிப் படையிலிருந்து கணக்கு தெரிந்த பதினோரு பேர் அவருக்குக் கொடுக்கப்பட்டார்கள். அந்த லென்ஸ் அன்றைய லென்ஸ்களைவிடச் சுமார் 15 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டியிருந்த மனிதர்களால் சில விநாடிகளில் மூச்சு விட முடிந்தது.

என் மேசை லென்ஸின் வம்சம் வேறு. 1817இல் கணிதமேதை கார்ல் ஃபிரெடரிக் காஸ் தொலைநோக்கிக்காக இரண்டு பிறைவடிவக் கண்ணாடிகளைச் சேர்க்கும் ஒரு வழியைச் சொன்னார். 1888இல் ஆல்வன் கிளார்க் அப்படிப்பட்ட இரண்டு ஜோடிகளை எதிரெதிராக வைத்தார். 1896இல் ஜெர்மனியின் யேனா நகரில், ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடோல்ஃப் அதை ஆறு கண்ணாடிகளாக்கினார்: திறப்புக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று, கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல. பெயர் பிளானர். அதன் தந்திரம் எனக்கு இன்னும் வியப்பு. முன்பாதி ஒரு நேர்கோட்டை வெளிப்பக்கம் வளைத்தால், பின்பாதி அதே அளவு உள்ளே வளைக்கும். ஒன்றின் தவறை இன்னொன்று அழிக்கிறது. 1920இல் இங்கிலாந்தின் ஹொரேஸ் லீ இந்தச் சமச்சீரைக் கொஞ்சம் உடைத்து ஜன்னலை எஃப் 2 வரை அகலமாக்கினார். இன்று விற்கும் விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ்களில் பலவும் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் பிளானர் பிறந்தபோது அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றைத் தொடும் பத்து முகங்கள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி தொலைந்தது. முப்பது முகங்கள் கொண்ட ஜூம் லென்ஸில் 30 சதவீதம்கூட மறுபக்கம் போய்ச் சேராது. தொலைந்த ஒளி சும்மாவும் இருக்காது. உள்ளுக்குள்ளேயே மோதித் திரிந்து படத்தை வெளிறச் செய்யும்.

விடை ஒரு பழைய லென்ஸிலிருந்து வந்தது. 1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர், வயதாகி மேல்படலம் நிறம் மாறிய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். அழுக்கு என்று நினைத்ததே உதவி செய்திருக்கிறது! 1935இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா அந்தப் படலத்தைச் செயற்கையாகவே பூசும் முறையைக் கண்டார். இந்த வேலைக்கு மிகவும் பழக்கமான பொருள் மெக்னீசியம் ஃபுளோரைடு. தடிமன் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏழெட்டு நூறில் ஒரு பங்கு. பூச்சின் மேல்முகத்தில் திரும்பும் ஒளி அலையின் முகடும், அடிமுகத்தில் திரும்பும் அலையின் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. திரும்ப முடியாத ஒளி முன்னே போய்விடுகிறது. நம் கண் மிகக் கூர்மையாக உணரும் பச்சைக்கு ஏற்றபடி தடிமனை வைத்தால், சிவப்பும் நீலமும் மட்டும் கொஞ்சம் மிஞ்சித் திரும்பும். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. டியூப்லைட்டின் ஊதா நிறம் இதுதான். பல அடுக்குப் பூச்சுகளில் மிஞ்சும் நிறம் பச்சையாகவும் தேன் நிறமாகவும் மாறுகிறது.

இவ்வளவும் உள்ளே இருக்கும் லென்ஸை வாங்கியவர்கள் முதல் மாதம் முழுக்க எஃப் 1.8இலேயே எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். பாட்டியை ஒரு மீட்டரில் எடுத்தால், சிறிய சென்சார் கேமராவில் தெளிவாக இருக்கும் அடுக்கு வெறும் 3 செ.மீ. தடிமன். மூக்குத்தி சுடர்விடும், தோடு கரைந்த ஒளிப்பொட்டாகிவிடும். தோடும் தெரிய வேண்டுமென்றால் ஜன்னலைச் சுருக்க வேண்டும். அதற்காக எஃப் 16 வரை போய்விடாதீர்கள். மதகின் குறுகிய வாய் வழியே வரும் அலை இருபக்கமும் விரிவதைப் போல, சிறு துளையில் ஒளியும் விரியும். விளிம்பு விளைவு என்பது இது. எஃப் 16இல் ஒரு புள்ளி 0.02 மி.மீ. வட்டமாகப் பரவும், 24 மெகாபிக்சல் சிறிய சென்சாரில் அது ஐந்து பிக்சல் அகலம். பெரும்பாலான லென்ஸ்கள் எஃப் 5.6க்கும் 8க்கும் நடுவில்தான் மிகக் கூர்மையாக வரையும்.

எதை வாங்குவது? கிட் லென்ஸை ஒதுக்கிவிடாதீர்கள். உங்களைப் பற்றிய தகவல் அதனிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் எந்தக் குவியத் தொலைவில் எடுத்தீர்கள் என்ற எண்ணும் பதிவாகும். கடைசியாக எடுத்த 300 படங்களைக் கணினியில் திறந்து அந்த எண்ணைப் பாருங்கள். பாதிக்கு மேல் 30-35 பக்கம் இருந்தால் 35 மி.மீ., எஃப் 1.8. முகங்களாக 50-55இல் குவிந்திருந்தால் 50. எப்போதும் 55இல் முட்டிக்கொண்டு நின்றிருந்தால் மட்டும் நீண்ட ஜூம். சிறிய சென்சார் கேமராவும், வீடும் குழந்தைகளும் என்றால், என் தேர்வு 35தான்.

பழைய லென்ஸ் வாங்குவதும் நல்ல வழி. ஆனால் நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்திவலை போல் படரும். அது சுரக்கும் அமிலம் அந்த 100 நானோமீட்டர் பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் மீளாது. கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் ஒரு டார்ச்சையும் எடுத்துப் போங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். நூல் போல ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.