நெட் போச்சா? பதறாதீங்க ஸார்!

தம்பிக்குப் பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. எட்டு மாதமாக வேலை தேடுகிறவன். மணி ஒன்பதரை... கம்ப்யூட்டரில் வைஃபை 'கனெக்டட்' என்கிறது. ஒரு வெப்சைட்டும் திறக்கவில்லை! மொபைல் டேட்டா? எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரே ஒரு கோடுதான்.

"அண்ணா, ஏதாவது பண்ணுண்ணா!" என்றான், அழாத குறையாக.

ரௌட்டரை அணைத்து, அரை நிமிஷம் கழித்துப் போட்டேன். ஊஹூம்!

அப்புறம்தான் மூளை விழித்தது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'பிங்' என்று அடித்து, எங்கள் ரௌட்டரின் நம்பரான 192.168.1.1-ஐத் தட்டினேன். பதில் வந்தது. அடுத்து, வெளியே இருக்கும் 8.8.8.8. அட, அதுவும் பதில் சொன்னது! அப்படியென்றால் லைன் சரி. வெப்சைட் பெயருக்கு நம்பர் தேடித் தரும் டி.என்.எஸ்.தான் படுத்துவிட்டது. ரோடு நன்றாக இருக்கிறது, அட்ரஸ் சொல்கிற ஆள்தான் லீவு!

நெட்வொர்க் செட்டிங்ஸில், டி.என்.எஸ். இடத்தில் கூகுள் 2009-ல் ஆரம்பித்த அதே 8.8.8.8-ஐப் போட்டேன். 9.52-க்கு உயிர் வந்தது!

ரௌட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 சொல்லாவிட்டால் மட்டும் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

இன்டர்வியூ? முதல் கேள்வியே, 'டி.என்.எஸ். என்றால் என்ன?' வெளுத்து வாங்கிவிட்டான் தம்பி!