மிளகாய் சந்தையிலிருந்து மாணவர் சதுக்கம் வரை... புத்தகங்கள் வழியே ஒரு மெக்சிகோ பயணம்!

சப்போட்டா வாங்கும்போது நம் வாயில் வருவது மெக்சிகோவின் பழைய சொல் ஒன்று. அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில், சதைப்பற்றுள்ள இனிப்புப் பழங்களுக்கு ‘ட்சபோட்ல்’ என்று பெயர். ஸ்பானியர்கள் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். பெயரும் பழமும் கப்பலேறி நம் ஊர்ப் பழக்கடைக்கு வந்துவிட்டன. குழம்பில் போடும் மிளகாயும் அங்கிருந்து கடல் தாண்டி வந்ததுதான்.

மெக்சிகோவுக்கு டிக்கெட் போடுவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. போய்வந்தவர்களிலும் பலர் பிரமிடு, கடற்கரை, டாக்கோ என நாலு போட்டோவோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த நாட்டைத் தெரிந்துகொள்ள இன்னொரு வழி, அதன் புத்தகங்கள். எங்கே ஆரம்பிப்பது என்று திகைக்க வேண்டாம். ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு படித்தாலே ஐந்நூறு வருடக் கதை கிடைத்துவிடும். அந்த இடம், மெக்சிகோ சிட்டியில் இருக்கும் ட்லாடெலோல்கோ.

நகரின் மையமான சோகலோ மைதானத்திலிருந்து வடக்கே சுமார் இரண்டு கிலோமீட்டர். மெட்ரோவில் அதே பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கி நடந்தால் ‘மூன்று பண்பாடுகளின் சதுக்கம்’ வரும். ஒரு பக்கம் அஸ்டெக் கோயிலின் கல் அடித்தளங்கள். அதை ஒட்டி, அந்தக் கோயில் கற்களையே பெயர்த்தெடுத்துக் கட்டிய சாந்தியாகோ தேவாலயம். சுற்றிலும் 1960-களில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள். சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். பார்த்தது என்ன என்று புரியத்தான் புத்தகம் வேண்டும்.

சிப்பாய் பார்த்த சந்தை

1519-ம் ஆண்டு, எர்னான் கோர்டெஸ் தலைமையில் ஸ்பானியப் படை ஏரிக்கு நடுவே இருந்த அஸ்டெக் தலைநகருக்குள் நுழைந்தது. அந்தப் படையில் ஒரு சாதாரண சிப்பாய், பெர்னால் டயஸ் டெல் காஸ்டிலோ. பல வருடங்கள் கழித்து, குவாத்தமாலாவில் முதுமையில் உட்கார்ந்து அவர் எழுதியதுதான் ‘புதிய ஸ்பெயின் வெற்றியின் உண்மை வரலாறு’. தலைப்பில் இருக்கும் அந்த ‘உண்மை’ ஒரு கோபம். மெக்சிகோ மண்ணையே மிதிக்காத கோமாரா என்ற பாதிரியார், வெற்றியின் பெருமை முழுவதையும் கோர்டெஸுக்கே கொடுத்து ஒரு வரலாறு எழுதியிருந்தார். ‘அப்படியானால் நாங்கள் எதற்கு?’ என்ற சிப்பாயின் எரிச்சல் புத்தகம் முழுக்கத் தெரிகிறது. அதனாலேயே படிக்கவும் சுவாரஸ்யமாக இருக்கிறது.

அவர் வாய் பிளந்து நின்ற இடம் ட்லாடெலோல்கோ சந்தை. ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரிசை. வழக்கு தீர்க்க அங்கேயே நீதிபதிகள். வாத்து இறகின் தண்டுக்குள் தங்கத்தூள் நிரப்பி விற்கும் வியாபாரிகள். தினமும் 60,000 பேருக்கு மேல் கூடும் சந்தை என்று கோர்டெஸ் தன் மன்னருக்கு எழுதினார். இரண்டே வருடத்தில், 1521 ஆகஸ்ட் 13 அன்று, அஸ்டெக் மன்னர் குவாடெமோக்கின் கடைசிப் போர் அதே ட்லாடெலோல்கோவில் முடிந்தது. பார்த்து வியந்த கையே அதை இடித்தது. சிப்பாயின் புத்தகத்தில் வியப்பும் உண்டு, வாளும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பெர்னால் டயஸ் தன் புத்தகம் அச்சானதைப் பார்க்கவில்லை. அவர் 1584-ல் இறந்தார். புத்தகம் 1632-ல்தான் வெளியானது.

தோற்றவர்கள் சொன்ன கதை

தோற்றவர்கள் என்ன சொன்னார்கள்? அதற்கும் அதே ட்லாடெலோல்கோவுக்குத்தான் வர வேண்டும். இடிபாடுகளுக்குப் பக்கத்தில் 1536-ல் பிரான்சிஸ்கன் துறவிகள் ஒரு கல்லூரி திறந்தார்கள். பழங்குடித் தலைவர்களின் பிள்ளைகள் அங்கே லத்தீனும் ஸ்பானிஷும் படித்தார்கள். அங்கிருந்த பெர்னார்டினோ டி சகாகுன் என்ற துறவி, ஊர்ப் பெரியவர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவர்கள் சொன்னதைப் பழைய மாணவர்கள் நாவாட்ல் மொழியில் எழுதினார்கள். உள்ளூர் ஓவியர்கள் படம் வரைந்தார்கள். இப்படிப் பல வருட உழைப்பில் உருவானது 12 நூல்களும், சுமார் 2,500 படங்களும் கொண்ட மாபெரும் தொகுப்பு. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகர நூலகத்தில் இருப்பதால் ‘ஃப்ளாரன்டைன் கோடெக்ஸ்’ என்று அழைக்கிறார்கள்.

கடவுள், சடங்கு, நட்சத்திரம், மூலிகை எல்லாம் இதில் உண்டு. ஆனால், சிரித்துக்கொண்டே படிக்கக்கூடியது சந்தைக்காரர்கள் பற்றிய பகுதி. நல்ல வியாபாரி யார், மோசமான வியாபாரி யார் என்று ஒவ்வொரு தொழிலாகப் பிரித்துச் சொல்கிறார்கள். கொக்கோ கொட்டைதான் அன்று சில்லறைக் காசு. மோசமான கொக்கோ வியாபாரி என்ன செய்வானாம் தெரியுமா? கீரை விதை மாவு, மெழுகு, உடைத்த அவகாடோ கொட்டை இவற்றையெல்லாம் கொக்கோ தோலுக்குள் அடைத்து நல்ல கொட்டையோடு கலந்துவிடுவானாம். கள்ளநோட்டுக்கு அன்றைய வடிவம்!

12-வது நூல் போரைப் பற்றியது. அங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. பெரியம்மை பரவியபோது மக்கள் புரளக்கூட முடியாமல் கிடந்ததையும், கஞ்சி கொடுக்க ஆளில்லாமல் பலர் பசியிலேயே செத்ததையும் அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். சொன்னவர்கள் ட்லாடெலோல்கோகாரர்கள் என்பதால், பக்கத்து டெனோச்டிட்லான்காரர்களைவிடத் தங்கள் ஆட்களே வீரமாகப் போரிட்டதாகக் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்கிறார்கள். ஊர்ப்பாசம் எங்கேயும் ஒன்றுதான்.

1576-ல் இந்தத் தொகுப்பு தயாராகிக்கொண்டிருந்தபோதே மறுபடியும் கொள்ளைநோய் வந்தது. கடைசி நூலில் பல படங்களுக்கு வண்ணமே இல்லை. நோய்க்காலத்தில் சாயம் கிடைக்காமல் போயிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அடுத்த வருடமே, சகாகுனின் எழுத்துகளையெல்லாம் கைப்பற்றி அனுப்பும்படி ஸ்பெயின் மன்னரின் உத்தரவு வந்தது. நல்லவேளையாக இந்தப் பிரதி பிழைத்தது. 2023 முதல் மொத்தத் தொகுப்பும் படங்களோடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது, செல்போனிலேயே புரட்டலாம்.

சமையலறையும் ஆவிகளின் ஊரும்

அடுத்த நானூறு வருடங்களை ஒரே தாவாகத் தாண்டாமல், 1910-ல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியில் கொஞ்சம் நிற்கலாம். அதற்கு இரண்டு நாவல்கள். லாரா எஸ்கிவெல் 1989-ல் எழுதிய ‘சாக்லேட்டுக்கான தண்ணீர்போல’ நாவலில் மாதத்துக்கு ஒன்றாக 12 அத்தியாயங்கள்; ஒவ்வொன்றும் ஒரு சமையல் குறிப்போடு தொடங்குகிறது. கடைசி மகள் கல்யாணம் செய்யாமல் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் குடும்ப வழக்கம். அப்படிச் சிக்கிய டீட்டாவின் கண்ணீரும் ஆசையும் அவள் சமைக்கும் சாப்பாட்டில் இறங்குகின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

ஹுவான் ருல்ஃபோவின் ‘பெத்ரோ பராமோ’ (1955) மெல்லிய புத்தகம், ஆனால் சுலபமானதல்ல. அப்பாவைத் தேடிக் கோமாலா என்ற ஊருக்குப் போகிறான் மகன். அங்கே பேசுபவர்கள் எல்லோரும் இறந்தவர்கள். கோலிமா மாநிலத்தில் நிஜமாகவே ஒரு கோமாலா உண்டு. நாவலின் புழுதியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது வெள்ளைச் சுவர்களும் பச்சை மரங்களும்தான்!

அக்டோபர் 2

மறுபடியும் சதுக்கத்துக்கு. 1968 அக்டோபர் 2, மாலை. ஒலிம்பிக் தொடங்கப் பத்தே நாள். அரசை எதிர்த்து மாணவர்கள் ட்லாடெலோல்கோவில் கூடியிருந்தார்கள். ராணுவம் சுற்றி வளைத்தது. ஒரு கையில் வெள்ளைக் கையுறை மாட்டிய சாதாரண உடைக்காரர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றும் தீராத சர்ச்சை. சில டஜன் என்கிறது ஒரு கணக்கு, முந்நூறு வரை என்கிறது இன்னொன்று.

அந்த நேரத்தில் டெல்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர் கவிஞர் ஒக்டாவியோ பாஸ். 1962 முதல் இந்தியாவில் இருந்தவர். மதுரையின் பெயரிலும் ஊட்டியின் பெயரிலும் கவிதை எழுதியவர். செய்தி கேட்டதும் பதவியைத் தூக்கி எறிந்தார். அவருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், அந்த இரவை நாட்டின் நினைவில் நிறுத்தியவர் பத்திரிகையாளர் எலெனா போனியாடோவ்ஸ்கா. மாணவர்கள், தாய்மார்கள், தொழிலாளிகள், லெகும்பெர்ரி சிறையில் இருந்தவர்கள் என ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிவு செய்தார். 1971-ல் வந்த ‘ட்லாடெலோல்கோவின் இரவு’ புத்தகத்தில் அவர் குரல் அதிகம் கேட்காது. துண்டு துண்டாகப் பேசுவது மற்றவர்கள்தான். மகனைத் தேடும் அம்மாவின் வாக்குமூலத்துக்குப் பக்கத்திலேயே பத்திரிகைத் தலைப்பு வரும். ஒரே மூச்சில் படித்து முடிக்க முடிகிற புத்தகம் இல்லை. மூடி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுக்க முடியும். இந்த நூலுக்குப் பெரிய இலக்கிய விருது ஒன்றை அறிவித்தபோது அவர் மறுத்துவிட்டார். இறந்தவர்களுக்கு யார் விருது தருவது என்பதுதான் அவர் கேள்வி.

லெகும்பெர்ரி சிறை இப்போது நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம். கைதிகள் இருந்த கட்டடத்தில் காகிதக் கட்டுகள் இருக்கின்றன. சதுக்கத்தில் 1993-ல் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். இறந்தவர்களில் 20 பேரின் பெயர்களை மட்டும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றுக்குக் கீழே, பெயரும் வயதும் இன்னும் தெரியாத பல தோழர்களும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது.