ஓதத்தைத் தடுப்பது சுண்ணாம்பா, சரளையா?

பிரான்சில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். லுவார் ஆற்றுப் பக்கம், சோமூர் நகரை ஒட்டிய கிராமம் ஒன்றில் பழைய கல் வீடு வாங்கியிருக்கிறார்கள். கீழ்த்தளத் தரை, வாசலிலிருந்து கணப்பு இருக்கும் மூலைவரை நான்கு விரற்கடை சரிந்து கிடக்கிறது. சுட்ட மண் ஓடுகளில் பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டன. சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். "பழைய தரையைப் பெயர்த்துவிட்டு, பிளாஸ்டிக் விரித்து, கான்கிரீட் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒருவர். கான்கிரீட் போட்டால் தரைக்கடியில் உள்ள நீரெல்லாம் சுவரில் ஏறும், சுண்ணாம்புத் தளம் போட்டால்தான் வீடு மூச்சுவிடும் என்கிறார் இன்னொருவர். சுவரில் மாட்டினால் ஓதத்தை விரட்டும் மின்பெட்டி வைத்திருக்கிறார் மூன்றாமவர். யாரை நம்புவது, ஐயா?"

மூன்றாமவருக்கு விடை கொடுத்துவிடலாம். மின்காந்த அலையால் நீரின் போக்கைத் திருப்புவதாகச் சொல்லும் பெட்டிகளுக்கு ஒப்புக்கொள்ளத்தக்க இயற்பியல் விளக்கம் இல்லை. பெட்டி மாட்டும் சமயத்திலேயே ஒழுகிய மழைநீர்க் குழாயும் சரிசெய்யப்படுகிறது, கோடையும் வந்துவிடுகிறது, சுவர் தானாகக் காய்கிறது. பெருமை பெட்டிக்குப் போகிறது. மற்ற இருவர் சொல்வதில் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதற்கு அந்தக் கல்லிடம்தான் போக வேண்டும்.

சோமூர் வட்டாரத்து வீடுகள் டுஃபோ என்ற வெளிறிய சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டவை. லுவார் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற அரண்மனைகள் பலவும் இதே கல்தான். இதை வெட்டியெடுத்த சுரங்கங்களில் இன்று திராட்சை மதுவைப் பக்குவப்படுத்துகிறார்கள், காளான் வளர்க்கிறார்கள். ரம்பத்தால் அறுக்கலாம், அவ்வளவு மென்மை. கன அளவில் கிட்டத்தட்டப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடமும் பெரிய ஓட்டைகளாக இல்லை, மயிரிழையைவிட நுண்ணிய புழைகளாக எங்கும் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கிறது.

நுண்புழையில் நீர் ஏறும் என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு ஏறும் என்பதுதான் சுவை. புழையின் ஆரத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு 15-ஐ அதனால் வகுத்தால், நீர் ஏறும் உயரம் மில்லிமீட்டரில் கிடைக்கும். ஆரம் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏற்றம் 15 மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 15 மீட்டர், அதாவது நான்கு மாடிக்கு மேல். டுஃபோவில் இந்த அளவுப் புழைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் அந்த ஊர் வீடுகளெல்லாம் கூரைவரை நனைந்திருக்க வேண்டுமே? நனையவில்லை. ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

அகல் விளக்கின் திரியைப் பாருங்கள். எண்ணெய் திரியில் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வழிந்து கொட்டுவதில்லை. நுனியில் சுடர் அதைத் தின்றுகொண்டிருப்பதுதான் காரணம். ஏறும் வேகமும் தின்னும் வேகமும் சமமாகும் இடத்தில் திரி நிலைகொள்கிறது. கல் சுவர் மண்ணில் ஊன்றிய திரி. மண்ணின் ஈரம் எண்ணெய், சுவரைத் தடவிப் போகும் காற்று சுடர். சுடரை அணைத்துப் பாருங்கள், சற்று நேரத்தில் நுனிவரை எண்ணெய் ஊறித் திரி தொப்பலாக நனைந்திருக்கும். சுவரின் மேல் சிமெண்டு பூசுவது சுடரை அணைக்கும் வேலை. திரி நுனியில் கரி கட்டுவதுபோல, ஈரம் ஆவியாகும் இடத்தில் அது சுமந்துவந்த உப்பு கட்டுகிறது, சுவர் பொரிந்து உதிர்கிறது. அந்தக் கரியைச் சுரண்டிவிட்டு மறுபடி ஏற்றினால் மறுபடி கட்டும், எண்ணெய் இருக்கும்வரை. இனி, திரியை நடுவில் அறுத்து இரண்டு துண்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டால்? எண்ணெய் தாண்டாது. விளக்கு அணையும். விளக்கில் அது குறை, வீட்டில் நமக்கு வேண்டியதே அதுதான்.

இந்தச் சமநிலையைக் கணக்காக எழுதியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஹால், வில்லியம் ஹாஃப் இருவரும். 2007-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின்படி ஓதத்தின் உயரத்தைத் தீர்மானிப்பவை நான்கு: கல் நீரை உறிஞ்சும் திறன், சுவரின் தடிமன், கல் கொள்ளும் நீரின் அளவு, ஆவியாகும் வேகம். கடைசியானது வர்க்கமூலத்தில் வருகிறது. ஆவியாதல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் ஓதம் இரண்டு மடங்கு உயரத்துக்குப் போகும். சிமெண்டு பூசிய சுவரில் ஓதம் 'ஓடி ஒளிந்து' மேலே தலைகாட்டுவதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

அந்த நான்கில் தரை இல்லை. கான்கிரீட் தளம் அடியிலுள்ள நீரைச் சுவருக்குள் தள்ளும் என்பது சுண்ணாம்பு ஆதரவாளர்கள் ஓயாமல் சொல்லும் வாக்கியம். நீரை யாரும் தள்ளுவதில்லை, சுவர் தன்னால் ஆவியாக்க முடிந்த அளவைத்தான் இழுக்கிறது. சுவரடி மண் ஏற்கெனவே தண்ணீரில் ஊறியிருந்தால் தரையை மூடினாலும் திறந்தாலும் சுவருக்கு ஒன்றுதான். மண் பாதி உலர்ந்த நிலையில் இருந்து, பழைய ஓட்டுத் தரை அதை மெல்லக் காயவைத்துக்கொண்டிருந்த வீடுகளில் மட்டும், மேலே பிளாஸ்டிக் வந்தவுடன் சுவரடி கூடுதலாக ஈரமாகலாம். கான்கிரீட் போட்ட கையோடு சுவரின் அடிப்பாகத்திலும் ஒரு மீட்டருக்குச் சிமெண்டு பூசிவிடுவது வழக்கம். கான்கிரீட் தளத்தின் கணக்கில் எழுதப்படும் சேதத்தில் பெரும்பகுதி அந்தப் பூச்சின் வேலை என்றே நினைக்கிறேன்.

இப்போது தரை. சமமான தளத்துக்கு அடியில் பிரெஞ்சுக் கொத்தனார்கள் 'எரிசோன்' என்ற ஓர் அடுக்கு வைப்பார்கள். கைக்கு அடங்கும் கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நெருக்கி அடுக்கி, 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு படுகை. இன்று கழுவிய பெருஞ்சரளையைக் கொட்டுகிறார்கள். அந்த வகுத்தல் கணக்கை மறுபடி போடுங்கள். கற்களுக்கிடையே உள்ள சந்து ஐந்து மில்லிமீட்டர் ஆரம் என்றால் நீர் ஏறுவது மூன்றே மில்லிமீட்டர். கீழே மண் சேறாகவே இருந்தாலும், படுகையின் எஞ்சிய 197 மில்லிமீட்டரைத் தாண்ட நீருக்கு வழியில்லை. எந்த மருந்தும் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், காலாவதி கிடையாது. நீரைத் தடுக்க அடைப்புப் போடுவதுதான் நம் உள்ளுணர்வு. இங்கே அதற்கு நேர்மாறாகத் திறப்பைப் பெரிதாக்கியே நீர் நிறுத்தப்படுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத இயற்பியல் இது.

இதைக் கெடுப்பது ஒன்றே ஒன்று: தூசு. சரளையோடு மண்ணோ கல்பொடியோ கலந்தால் பெரிய சந்துகள் நுண்புழைகளாகிவிடும், அறுத்த திரி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கழுவிய கல். கீழே மண் கசிந்து ஏறாமலும், மேலே சாந்து இறங்காமலும் இருபுறமும் துணி விரிப்பு போடுகிறார்கள். கிரஷர் தூசு கலந்த ஜல்லி மலிவு என்று இறக்குவது, மொத்தச் செலவையும் மண்ணில் கொட்டுவதற்குச் சமம்.

சுண்ணாம்புத் தளம் 'மூச்சுவிடும்' என்ற விளம்பரத்துக்கும் கணக்குப் போட்டுவிடலாம். நீராவி கடக்க ஒரு பொருள் எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதை, அதற்குச் சமமான அசையாக் காற்றின் தடிமனால் சொல்வது கட்டட இயற்பியலின் வழக்கம். 10 சென்டிமீட்டர் சுண்ணாம்புச் சாந்து சுமார் ஒரு மீட்டர் காற்றுக்குச் சமம். அதே அளவு அடர்ந்த கான்கிரீட் பத்து மீட்டர் அளவில் வரும். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத பாலித்தீன் தாள் 50 மீட்டர். சுண்ணாம்பு வென்றது போலத் தெரிகிறது. ஆனால் தரைக்கடியில் 12 டிகிரி, முழு ஈரக்காற்று, அறையில் 19 டிகிரி, பாதி ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், சுண்ணாம்புத் தளம் வழியே மேலேறும் ஆவி சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம்தான். 20 சதுர மீட்டர் அறைக்கு 100 கிராம், அரை டம்ளர் தண்ணீர். அதே அறையில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள ஈரச் சுவர், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நீரை ஆவியாக விட்டால் அதுவே ஒரு லிட்டர். சமையல், குளியல் என்று குடும்பம் காற்றில் விடும் ஈரம் வேறு. தரை மூச்சுவிட்டு வீட்டைக் காப்பாற்றப் போவதில்லை. தரையை ஓதத்திலிருந்து காப்பாற்றுவது அடியில் கிடக்கும் சரளை.

அப்படியிருந்தும் நான் சுண்ணாம்புப் பக்கமே நிற்கிறேன், வேறு காரணங்களுக்காக. சிமெண்டு தன்னோடு கரையும் கார உப்புகளைக் கொண்டுவருகிறது, டுஃபோவுக்கு உப்பு எமன். சுண்ணாம்புத் தளம் வீட்டின் சிறு அசைவுகளுக்கு ஈடுகொடுக்கும். நாளை குழாய் பதிக்க உடைத்தால் கல்லுக்குச் சேதமில்லாமல் பெயர்ந்து வரும். நீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பையே தளத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அவசரம் மட்டும் கூடாது. பனிக்காலத்தில் போட்டால் இறுகாது, இறுகிய பிறகும் ஓடு பதிக்கப் பல வாரம் பொறுக்க வேண்டும். இதே வேலையைப் பிரெத்தாஞ் அல்லது லிமூசான் பகுதியின் கருங்கல் நாட்டில் செய்வதாக இருந்தால் என் பதில் மாறும். அங்கே மண்ணிலிருந்து ரேடான் வாயு எழுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகையிலைக்கு அடுத்த காரணம் அது. பிரான்சின் வரையறை கன மீட்டருக்கு 300 பெக்கரல். நீராவிக்கு வழிவிடும் தரை ரேடானுக்கும் வழிவிடும். அங்கே சரளைக்குள் துளையிட்ட குழாய்கள் பதித்து வெளிக்காற்றோடு இணைப்பது நல்லது, மேலே வாயு புகாத தாளும் வேண்டியிருக்கலாம். பரிசோதனைக் கருவியை வைத்து அளந்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். 'இயற்கை' என்ற சொல்லை நம்பி அல்ல.

சுவரடி உப்பு, சுண்ணாம்பு, சிமெண்டு மூன்றுக்கும் வரலாறும் கொஞ்சம். மாடும் மனிதரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடுகளில் சுவரடியில் பூப்பது வெடியுப்பு. 1793-இல் போருக்கு வெடிமருந்து போதாமல், பிரெஞ்சுப் புரட்சி அரசு குடிமக்களைத் தங்கள் நிலவறை மண்ணைக் கழுவி அந்த உப்பை எடுத்துத் தரச் சொன்னது. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல் ஏன் நீரில் இறுகுகிறது என்பதை லூயி விக்கா 1818-இல் விளக்கினார். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசஃப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வளவு போதும்.

கடப்பாரையை எடுப்பதற்குமுன் தெரிய வேண்டியது ஆழம். சரளை 20, தளம் 10, ஓடும் அதன் படுகையும் 5 சென்டிமீட்டர் என்று வைத்தாலே 35 சென்டிமீட்டர் தோண்ட வேண்டும். பழைய கல் வீடுகளின் கடைக்கால் பல நேரம் அவ்வளவு ஆழம்கூட இருக்காது. கடைக்காலுக்குக் கீழே தோண்டினால் சுவர் தன் காலடி மண்ணை இழந்து வழுக்கும். ஆகவே முதல் நாள் வேலை, சுவரோரம் ஒரு சோதனைக் குழி. கடைக்கால் மேலாக இருந்தால் சுவரை ஒட்டிய மண்ணைச் சாய்வாக விட்டுவிட்டு நடுவில் மட்டும் தோண்டலாம், அல்லது தரையை உயர்த்தலாம். வெளியே நூற்றாண்டுகளாக மண் சேர்ந்து தெரு மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் அதை இறக்குவது, கூரை நீரைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோவது, இந்த இரண்டுக்கும் நான் சரளைக்கும் முந்தைய இடம் கொடுப்பேன்.

மாடித் தளத்துக்கு ஒரே எச்சரிக்கை. ஓக் உத்திரங்களைப் பச்சை மரமாகவே ஏற்றிவிடுவார்கள். பாரத்தைத் தாங்கியபடியே காய்ந்ததால் அவை நிரந்தரமாக வளைந்திருக்கும். பள்ளத்தை நிரப்ப ஐந்து சென்டிமீட்டர் கான்கிரீட் ஊற்றினால் சதுர மீட்டருக்கு 120 கிலோ, அறைக்கு இரண்டரை டன் அளவில் ஏறும். உத்திரத்தை ஜாக்கி வைத்து நிமிர்த்துவதும் வேண்டாம். பக்கவாட்டில் புதுச் சட்டங்களை மட்டமாக அறைந்து அதன்மேல் பலகை பரப்பலாம்.

மட்டம் பார்க்க இன்று லேசர் கருவி உண்டு. நம் கொத்தனார்களின் டியூப் லெவல் அதற்கு எந்த வகையிலும் இளைத்ததல்ல, சுவர் மறைக்கும் அறைகளுக்கு அதுவே மேல். காற்றுக்குமிழி இல்லாமல் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வெயில். ஒரு முனை 20 டிகிரி நிழலிலும் மறுமுனை சன்னல் வெயிலில் 35 டிகிரியிலும் இருந்தால், சூடான நீர் அடர்த்தி குறைந்து, ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்கு நான்கு மில்லிமீட்டர் அதிகம் காட்டும். ஓடு பதிக்கும் வேலையில் அது பெரிய பிழை. எனவே காலையிலேயே அளந்து, முடிக்கப்போகும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் எல்லாச் சுவரிலும் கோடு அடித்துவிடுகிறார்கள். படிக்கட்டின் முதல் படி, கணப்பின் கல், வாசல் நிலை மூன்றையும் அசைக்க முடியாது. கோட்டிலிருந்து கீழ்நோக்கி அவற்றை அளந்து பார்த்த பிறகே தரை எந்த உயரத்தில் நிற்கும் என்பது முடிவாகும். ஓடு பதித்து முடியும்வரை அந்தக் கோட்டின்மேல் யாரும் பூச்சு பூசிவிடக் கூடாது.